நீலம் முந்துவதில்லை

என் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. என்று போட்டிருந்தது. அது பொய். மூன்றாம் வருடத்து ஒளியியல் தாளில் எனக்கு ஒரு அரியர் இருந்தது. மூன்றே மதிப்பெண்ணில் கோட்டை விட்டிருந்தேன். "எப்படியும் எழுதிப் பாஸ் பண்ணிப்போடுவ. இப்பப் போடாம உட்டா நாலு பேரு ஏன்னு கேப்பாங்க கண்ணு" என்றார் அப்பா. நாலு பேர் ஏன் என்று கேட்பதைவிடப் பெரிய ஆபத்து எங்கள் பக்கத்தில் கிடையாது. நானும் சரியென்று தலையாட்டினேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அம்மா வீட்டுக்குப் போகிற சாக்கில் இரண்டு முறை போய் எழுதினேன். இரண்டு முறையும் ஊற்றிக்கொண்டது. பிறகு மகள் பிறந்தாள். அதோடு புத்தகத்தைக் கட்டிப் பரணில் போட்டாயிற்று. பம்ப் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது பிளஸ் டூ சான்றிதழைத்தான் கொடுத்தேன். கம்பெனியிடம் உண்மையாக இருந்தேன், கட்டிய கணவரிடம்தான் இல்லை. இதை எழுதும்போது இப்போதும் முகம் சுடுகிறது.

அவர் பத்தாவது வரை படித்தவர். சின்னவேடம்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவருகிற விவசாயிகளிடம், பேச்சு எங்கே தொடங்கினாலும், "எங்க ஊட்ல பி.எஸ்ஸி. பிசிக்ஸுங்க" என்று ஒரு முறையாவது சொல்லிவிடுவார். மகளின் காதுகுத்துப் பத்திரிகை, புதுமனை புகுவிழாப் பத்திரிகை, எல்லாவற்றிலும் அவர் பெயர் மொட்டையாக நிற்கும். பக்கத்தில் என் பெயர் வாலோடு நிற்கும். அந்த வாலைப் பார்த்து அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டவர். நான் ஒவ்வொரு முறையும் பத்திரிகையைச் சீக்கிரம் உறைக்குள் போட்டுவிடுவேன்.

இருபத்தாறு வருடம் இப்படியே ஓடியது. போன வருடம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதே சமயத்தில், பழைய அரியர்காரர்களுக்கு ஒரு சிறப்பு வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் அறிவித்ததைக் கைபேசியில் பார்த்தேன். பரீட்சை பங்குனியில். கல்யாணம் வைகாசியில். நடுவில் பத்திரிகை அச்சாக வேண்டும். இந்தப் பொய்யை இன்னொரு முறை, அதுவும் மகளின் கல்யாணத்தில், ஊர் முழுக்கக் கொடுக்கப்போகிறேனா இல்லையா என்பதுதான் என் முன்னால் இருந்த கேள்வி. யாரிடமும் சொல்லாமல் பரீட்சைக்குப் பணம் கட்டினேன்.

பரணிலிருந்து புத்தகத்தை இறக்கினேன். பூச்சி அரித்தது போக மிச்சம் இருந்தது படிக்கப் போதுமானதாக இருந்தது. முதலில் தேடிப் போனது என்னைக் கவிழ்த்த பக்கத்தைத்தான்.

அந்தக் கேள்வி எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது அதன் வேகம், அலைநீளம், அதிர்வெண் மூன்றும் என்ன ஆகும்? நான் எழுதியது: வேகம் குறையும், எனவே அதிர்வெண்ணும் குறையும், அலைநீளம் மாறாது. வெளியே வந்து தோழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதே தப்பு என்று தெரிந்துவிட்டது. அதிர்வெண்தான் மாறாதாம், அலைநீளம்தான் குறையுமாம். தெரிந்ததே தவிர, என் விடையில் என்ன தப்பு என்று புரியவில்லை. எனக்கு அதுதான் நியாயமாகப் பட்டது. இருபத்தாறு வருடம் கழித்துப் புத்தகத்தைத் திறந்தபோதும் அதுதான் நியாயமாகப் பட்டது.

காரணம் எங்கள் ஊர்தான் என்று நினைக்கிறேன். கோயம்புத்தூரில் வளர்ந்தவர்களுக்கு அதிர்வெண், அதாவது பிரீக்வென்சி, என்பது பள்ளிக்கூடத்தில் வருகிற வார்த்தை இல்லை. அது மோட்டார் சம்பந்தப்பட்டது. மின்வெட்டு மோசமாக இருந்த காலத்தில் பிரீக்வென்சி ஐம்பதிலிருந்து நாற்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது என்று அப்பா சலித்துக்கொள்வார். இறங்கினால் மோட்டார் மந்தமாகும், தண்ணீர் குறையும். இப்போது வி.எஃப்.டி. டிரைவ் என்று ஒரு பெட்டி வந்துவிட்டது. குமிழைத் திருகிப் பிரீக்வென்சியை ஏற்றினால் மோட்டார் வேகமாகச் சுற்றும், இறக்கினால் மெதுவாகச் சுற்றும். கம்பெனியில் என் வேலையே அதுதான். நீர்மூழ்கி மோட்டாரைத் தொட்டிக்குள் இறக்கி, டெஸ்ட் பெஞ்சில் நின்று, எத்தனை ஹெர்ட்ஸில் எத்தனை சுற்று, எத்தனை லிட்டர் என்று பார்த்து எழுதுவது. நாளைக்கு முப்பது மோட்டார். ஒவ்வொன்றும் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான், பிரீக்வென்சி ஏறினால் வேகம் ஏறும்.

இந்தப் புத்தியோடு ஒளியியல் புத்தகத்தைத் திறந்தால் எப்படி விளங்கும்? சிவப்பு ஒளி நொடிக்கு நானூற்று முப்பது லட்சம் கோடித் தடவை அதிர்கிறதாம். நீலம் அறுநூற்றைம்பது லட்சம் கோடித் தடவை. அப்படியென்றால் நீலம்தானே முந்திக்கொண்டு வர வேண்டும்? சூரியனிலிருந்து கிளம்பிய நீலம் முதலில் வந்து சேர்ந்து, சிவப்பு பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வர வேண்டும். இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது என்கிறது புத்தகம். வேகம் என்பது அலைநீளத்தை அதிர்வெண்ணால் பெருக்கினால் வருவது என்று ஒரு சமன்பாட்டையும் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. கட்டம் கட்டினால் புரிந்துவிடும் என்று புத்தகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

பரீட்சை என்று சொல்லாமல், சும்மா பொழுதுபோக்குக்குப் படிப்பதுபோல, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்டேன். அவர் தோசை தின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, பிரீக்வென்சி ஏறுனா வேகம் ஏறோணுமல்லங்க?"

"அதுல என்ன டவுட்டு அம்மணி? அதுக்குத்தான டிரைவ் மாட்டறோம்."

"வெளிச்சத்துக்கு ஏறாதாமாங்க."

"யாரு சொன்னா?"

"புஸ்தகத்துல போட்டிருக்குது."

"புஸ்தகத்துல தப்பாப் போட்டுப்போட்டான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, சட்னி கேட்டார். ஒரு நிமிடம் கழித்து, "நீதான பிசிக்ஸு படிச்சவ, நீ என்ன சொல்ற?" என்றார். சட்னியைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். எனக்கு வேறு போக்கிடம் தெரியவில்லை.

அதற்கப்புறம் அவர் சும்மா இருக்கவில்லை. அவர் குணம் அது. ஒரு மோட்டார் ஏன் எரிந்தது என்று தெரியாமல் அதைப் பிரிக்கவே மாட்டார். மறுநாள் சாப்பிடும்போது, "அந்த வேகத்த எப்படி அளக்கறாங்களாமா?" என்றார். அளக்க முடியும், நம் வீட்டிலேயே முடியும் என்று நான் சொன்னபோது சிரித்தார். புத்தகத்தில் இல்லாத ஒன்றை நான் இணையத்தில் படித்து வைத்திருந்தேன். எங்களிடம் ஒரு மைக்ரோவேவ் அடுப்பு உண்டு. புதுமனை புகுவிழாவுக்கு வந்த பரிசு. பால் சுடவைப்பதைத் தவிர வேறெதற்கும் அதை நாங்கள் நம்பியதில்லை. அதன் முதுகில் ஒரு தகடு ஒட்டியிருக்கிறது, 2450 மெகாஹெர்ட்ஸ் என்று. அதாவது நொடிக்கு இருநூற்று நாற்பத்தைந்து கோடி அதிர்வு.

"இது சூடுதான அம்மணி, வெளிச்சமா?"

"வெளிச்சத்தோட பங்காளிங்க. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வேகம் ஒண்ணுதான்."

"பங்காளின்னா ஒத்தே போகாதே" என்றார். இருந்தாலும் அடுப்பை இழுத்து முன்னால் வைத்தார்.

உள்ளே சுற்றுகிற கண்ணாடித் தட்டை எடுத்துவிட்டோம். அது சுற்றினால் எல்லா இடமும் ஒன்றுபோலச் சூடாகிவிடும், அலை எங்கே ஓங்குகிறது என்பது தெரியாமல் போகும். சுற்றுகிற அச்சின் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் தட்டையான பீங்கான் தட்டு. அதன் மேல் பொரிக்காத அப்பளங்களை ஒட்டி ஒட்டி அடுக்கினேன். முதல் தடவை அரை நிமிடம் விட்டதில் அப்பளம் கருகி வீடெல்லாம் நாறியது. அடுத்த தடவை அவரே கதவுக்கு முன்னால் குந்திக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தார். "பொரியுது, பொரியுது, நிறுத்து" என்று கத்தினார். வெளியே எடுத்தோம். அப்பளம் முழுக்கப் பொரியவில்லை. அங்கங்கே மட்டும் வெள்ளை வெள்ளையாக உப்பியிருந்தது, நடுவில் பச்சையாகவே கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதென்னம்மணி, மனுசன் அளந்து வெச்சாப்பல இருக்குது" என்றார்.

ஒரு உப்பலின் நடுவிலிருந்து அடுத்த உப்பலின் நடு வரை தையல் டேப்பை வைத்து அளந்தார். எல்லாம் ஒன்றுபோல் இல்லை. சில இடத்தில் ஐந்தரை, சில இடத்தில் ஏழு. நாலைந்து இடம் அளந்து சராசரி போட்டால் ஆறேகால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஆறு புள்ளி இரண்டு. ஒரு முழு அலைக்குள் இரண்டு உப்பல் வரும் என்பதால் அதை இரண்டால் பெருக்கினேன். பன்னிரண்டு புள்ளி நான்கு. அது அலைநீளம். அதை இருநூற்று நாற்பத்தைந்து கோடியால் பெருக்கச் சொன்னேன். கைபேசியில் தட்டினார். சென்டிமீட்டரைக் கிலோமீட்டராக மாற்றினார். மூன்று லட்சத்து மூவாயிரத்துச் சொச்சம். நொடிக்கு.

"புஸ்தகத்துல எவ்வளவு?"

"மூணு லட்சத்துக்குத் துளி கொறச்சல்."

ஒரு அப்பளத்தை எடுத்து உப்பிய இடத்தை மட்டும் கடித்துத் தின்றார். "நம்ம ஊட்டு அப்பளத்துல சூரியன் வேகம் வருது" என்றார். நாங்கள் இரண்டு பேரும் கெக்கெக்கென்று சிரித்தோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் சேர்ந்து செய்த காரியங்களில் இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதைச் சொல்லாமலே விட்டேன்.

ஆனால் என் சந்தேகம் அப்படியே இருந்தது. வேகத்தை அளந்தோமே தவிர, பிரீக்வென்சி ஏறினால் அது ஏன் ஏறவில்லை என்பது தெரியவில்லை. அதை அவிழ்த்தவர் அவர்தான். நாலைந்து நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். அன்று எனக்கு வார விடுமுறை. மேசையில் ஒரு ஸ்டேட்டர், மோட்டாரின் சுற்றாத இரும்புக் கூடு, கிடந்தது. காயிலெல்லாம் கட்டி முடித்து வார்னிஷ் காய்ந்துகொண்டிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே, "இங்க வா அம்மணி" என்றார்.

"இது ரெண்டு போலு மோட்டாரு, காந்தத்துக்கு ரெண்டு முனை. கரண்ட்டு ஒரு தடவ ஏறி எறங்குனா இதுக்குள்ள காந்தம் ஒரு முழுச் சுத்து வருது. நாலு போலுன்னா அரைச் சுத்துத்தான். செரியா?"

"செரிங்க."

"அந்தத் தூரம் காயில் கட்டறப்பவே முடிவாயிப்போச்சு. இரும்புக்குள்ள கட்டி வார்னீஷும் ஊத்தியாச்சு. இனி பிரம்மா வந்தாலும் அது மாறாது. அதுதான உன்ற அலைநீளம்?"

நான் குனிந்து காயில்களைப் பார்த்தேன்.

"அப்ப மோட்டாருல அலைநீளம் கட்டிக் கெடக்குது. பிரீக்வென்சிய ஏத்துனா வேகந்தான் ஏறோணும், வேற வழியில்ல. வெளிச்சத்துல கட்டிக் கெடக்கறது வேகம். அங்க பிரீக்வென்சிய ஏத்துனா அலைநீளந்தான் கொறையோணும். ரெண்டுக்கும் கணக்கு ஒண்ணுதான். எது கட்டிக் கெடக்குதுங்கறதுதான் வேற." சொல்லிவிட்டு அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். "நம்ம ரெண்டு பேரும் என்னேரமும் மோட்டாரயே பாத்துட்டு இருந்தோமா, அதுதான் கொழப்பம்."

கட்டம் கட்டிய சமன்பாடு அந்த வார்னிஷ் நாற்றத்துக்கு நடுவில் எனக்கு முதன்முறையாகத் திறந்தது. மூன்றில் ஒன்று அசையாமல் இருக்கும், மற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிடும். எது அசையாதது என்று கேட்காமலே இருபத்தாறு வருடம் ஓட்டியிருக்கிறேன். பத்தாவது படித்தவர் ஐந்து நாளில் கேட்டுவிட்டார். சந்தோஷம் பொங்கிய அதே வேகத்தில் வெட்கமும் வந்தது. பி.எஸ்ஸி. யாருக்குப் போட வேண்டும், யாருக்குப் போட்டிருக்கிறது? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேருந்தில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு அச்சகத்திலிருந்து பத்திரிகையின் புரூப் வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்தார். என் பெயரையும் பி.எஸ்ஸி.யையும் வழக்கம்போலச் சேர்த்து, சற்று உரக்கவே படித்தார். நான் கையில் பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த எழுத்துகளைக் கோடு போட்டு அடித்தேன்.

"ஏன், தப்பாப் போட்டிருக்கறானா?"

"நான் பாஸ் பண்ணலீங்க."

புரியாமல் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சொன்னது, இரண்டு முறை எழுதியது, இப்போது ரகசியமாகப் பணம் கட்டியது, நாளை மறுநாள் பரீட்சை என்பது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"எத்தன பேருகிட்டச் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு, "நீயும் பக்கத்துலயே நின்னுட்டுத்தான இருந்த" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கத்துவது எனக்குச் சுலபம். புரூப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றும் மறுநாளும் சோறு போட்டால் தின்றார், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் என்னம்மா என்று கேட்டதற்குச் சம்பந்தி வீட்டு விஷயம் என்று இன்னொரு பொய் சொன்னேன். எனக்கு அது கைவந்த கலை ஆகிவிட்டது போலும்.

பரீட்சையன்று காலை பேருந்துக்குக் கிளம்பி நின்றேன். வண்டியை ஸ்டார்ட் செய்து வாசலில் நிறுத்தியிருந்தார். "ஏறு" என்றார். இரண்டு நாளில் அதுதான் முதல் வார்த்தை. கல்லூரியில் வண்டியை நிறுத்துமிடத்திலிருந்து வாசல் தூரம். பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். அவர் ஆறடி, நான் ஐந்துக்கும் கீழே. அவர் இரண்டு எட்டு வைத்தால் நான் மூன்று வைக்க வேண்டும். இத்தனை வருடம் அப்படித்தான் நடந்திருக்கிறேன், அன்றைக்குத்தான் கவனித்தேன். எனக்குக் காலெட்டு சின்னது, அதனால் அடிகள் அதிகம். ஆனாலும் நான் அவரைத் தாண்டவில்லை, பின்தங்கவும் இல்லை. சிவப்பும் நீலமும் இப்படித்தான் வருகிறதா என்று அந்தக் கலவரத்திலும் ஒரு சிரிப்பு வந்தது.

வாசலில் நின்றார். "ஒண்ணு கேக்கோணும்" என்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"தண்ணிக்குள்ள போனா வெளிச்சம் மெதுவாயிரும், அலைநீளம் கொறையும்னு அன்னைக்கு அப்பளம் திங்கறப்பச் சொன்ன. கொறஞ்சா செவப்பு நீலமாயிரோணுமல்ல? நேத்து ஒரு போர்க்கெணத்துக்குள்ள காமிரா உட்டுப் பாத்தேன். மோட்டாரோட செவப்பு வயரு தண்ணிக்குள்ளயும் செவப்பாத்தான் இருக்குது. ஏன்?"

என்னோடு பேசாத இரண்டு நாளும் இவர் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாரா? கோபமும் யோசனையும் ஒரே மண்டைக்குள் ஒன்றாக இருந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கியது. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லாமல் உள்ளே போக முடியாது என்றும் தோன்றியது. டெஸ்ட் பெஞ்சை நினைத்துக்கொண்டேன். அகலமான குழாயிலிருந்து குறுகலான குழாய்க்குள் தண்ணீர் போகும்போது வேகம் மாறும். ஆனால் நொடிக்கு எத்தனை லிட்டர் இந்தப் பக்கம் நுழைகிறதோ அத்தனை லிட்டர்தான் அந்தப் பக்கம் வெளியேறும். நடுவில் தேங்க இடம் இல்லை, கூடுவதற்கும் வழி இல்லை.

"நொடிக்கு எத்தன அலை வந்து தண்ணிய முட்டுதோ அத்தன அலைதானுங்க உள்ள போவோணும். நடுவுல எங்க போய் நிக்கும்? அதனால தண்ணிக்குள்ள கட்டிக் கெடக்கறது பிரீக்வென்சி. வேகம் கொறயுது, அதுக்கேத்தாப்பல அலைநீளம் கொறயுது. நெறம்ங்கறது பிரீக்வென்சியப் பாத்துங்க, அலைநீளத்தப் பாத்தில்ல. நம்ம கண்ணுக்குள்ளயே தண்ணிதான இருக்குது. எப்படிப் பாத்தாலும் வெளிச்சம் தண்ணியத் தாண்டித்தான் உள்ள வரோணும்."

அவர் தலையை ஆட்டினார். "இதயே எழுதிப்போடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நான் சொன்னது என்னவென்று அவர் போன பிறகுதான் எனக்கே உறைத்தது. தண்ணீருக்குப் பதில் கண்ணாடியைப் போட்டால் அது என் பழைய கேள்விதான். பரீட்சைத்தாளில் அது அப்படியே வரவில்லை. வேறு மாதிரிச் சுற்றி வளைத்து, கண்ணாடிக்குள் போகும் மஞ்சள் ஒளியின் அலைநீளத்தைக் கணக்கிடச் சொல்லியிருந்தார்கள். கணக்கைப் போட்டுவிட்டு, யாரும் கேட்காமலே, நிறம் ஏன் மாறாது என்றும் இரண்டு வரி எழுதினேன். வழக்கமான பரீட்சையும் அதே கூடத்தில் என்பதால் சுற்றிலும் என் மகள் வயதுக்காரர்கள்.

பத்திரிகை அச்சாகி வந்தது. என் பெயரும் மொட்டை, அவர் பெயரும் மொட்டை. அவர் என்னோடு பேச ஆரம்பித்திருந்தார், தேவையானதை மட்டும். பட்டறைக்கு வருகிறவர்களிடம் என் படிப்பைப் பற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு காலத்தில் அவர் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டாரா என்று ஏங்கியவள் நான்.

சித்திரையில் சொந்தக்காரர் வீடுகளுக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பினோம். முதல் வீடு வெள்ளகோவிலில் அவருடைய அக்கா வீடு. அவரைத் தூக்கி வளர்த்தவர், அவருக்கு அம்மாவுக்குச் சமானம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு பத்திரிகையை வைத்துக் கொடுத்தோம். அக்கா அங்கேயே பிரித்து, யார் பெயராவது விட்டுப்போயிருக்கிறதா என்று விரலை ஓட்டிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். வீட்டில் அவருடைய மருமகள், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். விரல் என் பெயரில் வந்து நின்றது.

"ஏண்டா, பி.எஸ்ஸி.யக் காணோம்? அச்சடிக்கறவன் உட்டுப்போட்டானா?"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஆமாம், விட்டுப்போட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அச்சகத்துக்காரர் வந்து மறுக்கப்போவதில்லை. என் கணவர் அப்படித்தான் சொல்வார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லப்போனால், சொல்ல வேண்டுமென்று வேண்டிக்கொண்டேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உட்டுப்போடலீங்கக்கா. அது இன்னும் பாஸ் பண்ணல. ஒரு பேப்பரு நின்னுபோயிருந்துச்சு, போன மாசந்தான் எழுதியிருக்குது. ரிசல்ட்டு வரோணும்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "நெம்ப நல்லா எழுதியிருக்குது. ரிசல்ட்டு வந்ததும் நானே பேனாவுல எழுதிக் குடுத்துட்டுப் போறேன், இத எடுத்து வெய்யுங்க" என்றார்.

அங்கிருந்தவர்கள் முன்னால் மானம் போனது என்னவோ உண்மை. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டதைக்கூடப் பார்த்தேன். ஆனால் இருபத்தாறு வருடமாக என் வயிற்றில் கிடந்தது அந்த நிமிடம் இறங்கிவிட்டது. அக்கா எழுந்து போய்ப் பத்திரிகையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். பிறகு எங்களுக்குக் காப்பி போடப் போனார்.

கல்யாணம் முடிந்து ஆனியில் ரிசல்ட் வந்தது. டெஸ்ட் பெஞ்சில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது கைபேசியில் பார்த்தேன். ஐம்பத்தொன்று. பாஸ். அவருக்கு அழைத்துச் சொன்னேன். "ம்" என்றார். அந்தப் பக்கம் யாரிடமோ, "எங்க ஊட்ல பாஸாயிட்டாங்க" என்று சொல்வது கேட்டது. பழைய குரல் திரும்பியிருந்தது. நான் மோட்டாரின் சுற்றை எழுத மறந்து மறுபடி ஓடவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலுக்குப் போனோம். அக்கா சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். மஞ்சள் தடவிய ஓரம் கொஞ்சம் சுருண்டிருந்தது. அவர் அதை முழங்கால் மேல் வைத்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, என் பெயருக்குப் பின்னால் மெதுவாக எழுதினார். எழுதி முடித்ததும் அக்கா, "உனக்கும் ஏதாச்சும் போட்டுக்கடா" என்று கேலி செய்தார்.

"அந்தப் பேப்பருல எனக்குச் சொல்லிக் குடுத்ததே உங்க தம்பிதானுங்க அக்கா" என்றேன்.

"இவனா? உனக்கா? என்னத்த?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் பேனாவை மூடிப் பையில் செருகினார். காதெல்லாம் சிவந்திருந்தது.

"நா மோட்டாரத்தானுங்கக்கா சொன்னேன்" என்றார்.